முத்திரையைக் காட்டி வாசித்த கடிதம்: கி.மு. 387இன் மன்னர் சமாதானம், ஒரு நிகழ்வு ஆய்வு

கி.மு. 425ஆம் ஆண்டுக் குளிர்காலம். ஈஜியன் கடலின் வடகரையில், ஸ்ட்ரைமோன் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த எயோன் என்ற ஊரில், கப்பம் வசூலிக்கப் போயிருந்த ஏதென்ஸ் கப்பல்காரர்கள் ஒரு பெர்சியரைப் பிடித்தார்கள். பெயர் ஆர்டஃபர்னிஸ். பெர்சிய மன்னரிடமிருந்து ஸ்பார்ட்டாவுக்குத் தூது போய்க்கொண்டிருந்தவர். அவரை ஏதென்சுக்குக் கொண்டுபோய், கையிலிருந்த கடிதங்களை அசீரிய எழுத்திலிருந்து மொழிபெயர்த்துப் படித்தார்கள் என்று அந்தக் காலத்து ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்திருக்கிறார். அவர் அசீரிய எழுத்து என்று சொல்வது பெரும்பாலும் அரமேய எழுத்தாக இருக்க வேண்டும். கடிதத்தில் பல விஷயங்கள் இருந்தன. முக்கியமானது இதுதான்: ஸ்பார்ட்டாவுக்கு என்ன வேண்டும் என்றே மன்னருக்குப் புரியவில்லை. எத்தனையோ தூதர்கள் வந்துவிட்டார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லவில்லை. தெளிவாக ஏதாவது சொல்ல விரும்பினால், இந்தப் பெர்சியரோடு ஆட்களை அனுப்புங்கள்.

ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் அப்போது ஏழாவது ஆண்டாக அடித்துக்கொண்டிருந்தன. பெர்சியத் தலைநகர் சூசாவின் அரண்மனைக்கு அவசரமே இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டது, பதிலுக்குக் காத்திருந்தது.

அதிலிருந்து 38 ஆண்டுகள் கழித்து, கி.மு. 387இல், இன்னொரு பெர்சியக் கடிதம் கிரேக்கத் தூதர்கள் முன்னால் வாசிக்கப்பட்டது. இந்த முறை மன்னர் கேள்வி எதுவும் கேட்கவில்லை, முடிவைச் சொன்னார். எல்லா நகரங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. வரலாற்றில் இதற்கு மன்னர் சமாதானம் என்று பெயர். பேசி முடித்த ஸ்பார்ட்டாத் தூதரின் பெயரால் அண்டால்கிடாஸ் சமாதானம் என்றும் சொல்வார்கள். மாரத்தானிலும் சலாமிசிலும் பிளட்டேயாவிலும் தோற்ற பேரரசு, அதே கிரேக்கர்கள் கையெழுத்தோடு தான் இழந்த கடற்கரையைத் திரும்ப வாங்கியது எப்படி? இந்தக் கட்டுரை ஆராய்வது அந்த ஒரு நிகழ்வைத்தான்.

சண்டைக்குக் காரணமான கரை

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையோரம் அயோனியா. மிலேட்டஸ், எஃபேசஸ் போன்ற கிரேக்க மொழி பேசும் வளமான ஊர்கள். கி.மு. 546 வாக்கில் மகா சைரஸ் லிடியாவின் தலைநகர் சார்டிசைப் பிடித்தபோது இந்தக் கரையும் பெர்சியர் கைக்கு வந்தது. அதற்குப் பின் சார்டிஸ் பேரரசின் மேற்கு வாசல் ஆனது. கிரேக்க நகரங்கள் உதவி கேட்டு வந்தாலும் புகார் சொல்ல வந்தாலும் முதலில் ஏறிய படி சார்டிஸ் ஆளுநரின் படிதான். ஏதென்சே கி.மு. 507 வாக்கில் ஸ்பார்ட்டாவுக்குப் பயந்து அங்கே தூது அனுப்பியது. மண்ணும் நீரும் கொடுத்தால் கூட்டு என்றார் ஆளுநர். மன்னருக்கு அடங்குகிறோம் என்பதற்கான அடையாளம் அது. தூதர்கள் சரி என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

கி.மு. 490க்கும் 479க்கும் நடுவே நடந்த போர்கள் எல்லோரும் அறிந்தவை. பெர்சியா தோற்றது, அயோனியக் கரை ஏதென்ஸ் தலைமையிலான கூட்டணிக்குப் போனது. அந்தக் காலத்துச் சம்பவம் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். மண்ணும் நீரும் கேட்டு முதலாம் டேரியஸ் அனுப்பிய தூதர்களை ஏதென்ஸ்காரர்கள் பள்ளத்தில் தள்ளினார்கள், ஸ்பார்ட்டாக்காரர்கள் கிணற்றில் தள்ளினார்கள். பின்னால் ஸ்பார்ட்டாவுக்கு மனம் உறுத்தியது. பழிக்குப் பழியாக எங்கள் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்பெர்த்தியாஸ், பூலிஸ் என்ற இரண்டு பேர் தாங்களாகவே சூசாவுக்குப் போனார்கள். டேரியசின் மகன் செர்க்சிஸ் அப்போது மன்னர்; அவர் அவர்களைக் கொல்லவில்லை. தூதரைக் கொன்று மனிதர் எல்லோருக்கும் பொதுவான முறையை நீங்கள் மீறினீர்கள், அதே குற்றத்தை நான் செய்ய மாட்டேன், உங்கள் பழியையும் தீர்த்துவிட மாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் என்கிறார் ஹெரோடோட்டஸ். எதிரி நாட்டு எழுத்தாளர் எழுதிய கதையிலேயே பெர்சிய அரண்மனை இந்த அளவுக்கு நிமிர்ந்து நிற்கிறது.

கடிதம் போன வழி

சார்டிசிலிருந்து சூசாவுக்கு ஒரு ராஜபாட்டை இருந்தது. வழியில் 111 தங்கல் நிலையங்கள். நடந்து போனால் 90 நாள், தூரம் 2,400 கிலோமீட்டருக்கும் மேல். மன்னரின் அஞ்சல் குதிரைக்காரர்கள் நிலையத்துக்கு நிலையம் ஆளும் குதிரையும் மாற்றி இதைவிட மிக வேகமாகப் போனார்கள்.

இந்தப் போக்குவரத்தின் அன்றாடக் கணக்கே நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. பெர்சப்பொலிஸ் அரண்மனை வளாகத்தில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் தோண்டி எடுக்கப்பட்டன. உள்ளங்கையில் அடங்கும் அளவு, ஈரமாக இருக்கும்போது எலாமிய மொழியில் எழுதி முத்திரை பதித்தவை. பெரும்பாலானவை கி.மு. 509க்கும் 493க்கும் இடைப்பட்டவை. இன்னார் இத்தனை பேரோடு வந்தார், இன்னாருடைய முத்திரைச் சீட்டு வைத்திருந்தார், இன்ன இடத்துக்குப் போகிறார், இவ்வளவு மாவு கொடுக்கப்பட்டது என்று பதிவு இருக்கும். மேற்கே சார்டிஸ், கிழக்கே சிந்து நதிப் பக்கம் என்று இரண்டு கோடிகளிலும் போய்வந்தவர்கள் அந்தக் கணக்கில் வருகிறார்கள். முத்திரைச் சீட்டு இருந்தால் வழியெல்லாம் சாப்பாடு, இல்லாவிட்டால் இல்லை. பெர்சிய ராஜதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது தங்கத்தை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்த மாவுக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. மூன்று மாத வழிக்கு அப்பால் இருக்கும் மன்னரின் சொல்லை இந்த ஏற்பாடுதான் சிதையாமல் கொண்டுசேர்த்தது.

பலவீனமும் இதிலேயே இருந்தது. தூரம் அதிகம் என்பதால் மேற்கே இருந்த ஆளுநர்கள், அதாவது சத்ரப்புகள், தாங்களே முடிவு எடுத்தாக வேண்டும். சார்டிசில் ஒருவர், ஹெலஸ்பான்ட் (இன்றைய டார்டனெல்ஸ்) நீரிணைக்குத் தெற்கே டாஸ்கிலியோனில் ஒருவர். இரண்டு பேரும் ஒரே மன்னரின் ஊழியர்கள், ஆனால் ஒருவருக்கொருவர் போட்டி. ஒருவர் ஸ்பார்ட்டாவுக்குப் பணம் கொடுத்தால், வேறொருவர் அதே ஸ்பார்ட்டாவை மடக்க வழி தேடுவார். கிரேக்கர்கள் இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சில சமயம் மன்னருக்கே அது வசதியாகவும் இருந்தது.

மூன்று வரைவுகள், ஒரு சொல்

கி.மு. 413இல் சிசிலித் தீவில் ஏதென்சின் கடற்படையும் தரைப்படையும் அழிந்தன. உடனே சூசாவிலிருந்து சார்டிஸ் ஆளுநர் டிசாஃபர்னிசுக்கு நெருக்கடி வந்தது: கிரேக்க ஊர்களிடமிருந்து வராமல் நின்றுபோன கப்பத்தை வசூலித்து அனுப்பு. அவர் ஸ்பார்ட்டாவோடு பேசத் தொடங்கினார். கி.மு. 412, 411 ஆண்டுகளில் அடுத்தடுத்து மூன்று ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. மூன்றின் வாசகத்தையும் துசிடிடீஸ் அப்படியே கொடுத்திருக்கிறார். நமக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் அது. ஒரு பேச்சுவார்த்தையில் சொற்கள் எப்படி இடம் மாறின என்பதை 2,400 ஆண்டுகளுக்குப் பிறகும் வரி வரியாகப் பார்க்கலாம்.

முதல் ஒப்பந்தம் சொன்னது: இப்போது மன்னர் வசம் இருக்கும் நாடும் ஊர்களும், மன்னரின் முன்னோர் வசம் இருந்த நாடும் ஊர்களும் மன்னருக்கே உரியவை. இரண்டாவதில் சொல் கொஞ்சம் மாறியது, ஆனால் "முன்னோர்" அப்படியே இருந்தார்கள்.

அப்புறம் ஸ்பார்ட்டாவிலிருந்து லிக்காஸ் என்ற பெரியவர் வந்து இரண்டையும் படித்தார், பொங்கிவிட்டார். முன்னோர் ஆண்டதெல்லாம் என்றால் என்ன அர்த்தம்? செர்க்சிஸ் வந்த வழியெல்லாம் கணக்கில் வரும். தீவுகள் எல்லாம், தெசாலி, லோக்ரிஸ், பியோஷியா எல்லை வரை போய்விடும். கிரேக்கரை விடுவிக்கக் கிளம்பிய நாம் அவர்களைப் பெர்சியருக்கு அடிமை ஆக்கினோம் என்று ஆகாதா? இந்த நிபந்தனையில் உங்கள் சம்பளப் பணமே எங்களுக்கு வேண்டாம் என்றார். டிசாஃபர்னிஸ் கோபத்தோடு எழுந்து போனார்.

ஆனால் பேச்சு முறியவில்லை. மூன்றாவது ஒப்பந்தம் மியாண்டர் ஆற்றுச் சமவெளியில் எழுதப்பட்டது. இரண்டாம் டேரியசின் 13ஆம் ஆட்சியாண்டு என்று தேதி போட்டார்கள். அதில் முன்னோரைக் காணோம். "ஆசியாவில் உள்ள மன்னரின் நாடு மன்னருடையது, தன் நாட்டைப் பற்றி அவர் தன் விருப்பப்படி முடிவு செய்வார்" என்பதே வாசகம்.

லிக்காஸ் ஜெயித்தாரா? மேலோட்டமாகப் பார்த்தால் ஆமாம். தீவுகளும் ஐரோப்பியப் பகுதிகளும் வாசகத்திலிருந்து விழுந்துவிட்டன. என் கணிப்பில் டிசாஃபர்னிஸ்தான் ஜெயித்தார். கைக்கு வரவே வராத ஐரோப்பாவைத் தாளில் விட்டுக்கொடுத்து, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஆசியக் கரைக்கு ஸ்பார்ட்டாவின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிட்டார். ஆசியா மன்னருக்கு, மற்றதில் தலையிட மாட்டேன் என்ற இந்தக் கோடுதான் 24 ஆண்டுகள் கழித்து மன்னர் சமாதானத்தின் முதல் வரி ஆகிறது.

மிலேட்டஸ்காரர்கள் இதைப் புரிந்துகொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் ஊரில் டிசாஃபர்னிஸ் கட்டியிருந்த கோட்டையை அவர்கள் தாக்கிப் பிடித்து, காவல்படையை விரட்டினார்கள். நல்லது செய்தீர்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்த லிக்காஸ், போர் நல்லபடியாக முடியும் வரை ஆளுநரை அனுசரித்துப் போங்கள் என்றார். கொஞ்ச காலத்தில் லிக்காஸ் நோயில் இறந்தார். ஸ்பார்ட்டாக்காரர்கள் கேட்ட இடத்தில் அவரைப் புதைக்க மிலேட்டஸ்காரர்கள் விடவில்லை. அந்த ஊர் மக்களின் குரல் இந்த வரலாற்றில் நம் காதில் விழும் அபூர்வமான இடங்களில் ஒன்று இது.

ஓபல் கணக்கு

போர்க்கப்பல் ஒன்றுக்கு 200 பேர். ஓபல் ஒரு சிறு வெள்ளிக்காசு. ஆளுக்கு ஒரு நாளுக்கு 3 ஓபல் என்றால், அதாவது அரை டிராக்மா என்றால், கப்பலுக்கு நாளொன்றுக்கு 100 டிராக்மா, மாதத்துக்கு 3,000. 6,000 டிராக்மா ஒரு டாலன்ட். ஆக 100 கப்பலுக்கு மாதம் 50 டாலன்ட் வெள்ளி. ஸ்பார்ட்டாவிடம் இந்தப் பணம் கிடையாது. ஏதென்ஸ் கப்பம் வாங்கிச் சமாளித்தது. கடல் போரை யார் நடத்துவது என்பது கடைசியில் சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்விதான்.

டிசாஃபர்னிஸ் முதலில் நாளுக்கு ஒரு டிராக்மா கொடுத்தார், அப்புறம் பாதியாகக் குறைத்தார், அதையும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. ஏதென்சிலிருந்து ஓடிவந்து அவர் பக்கத்தில் இருந்த ஆல்கிபியடீஸ் சொன்ன யோசனை அது: யாரையும் முழுதாக ஜெயிக்க விடாதீர்கள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேய்க்கட்டும். நம்மூரில் சாம, தான, பேத, தண்டம் என்பார்களே, அதில் தானத்தையே பேதமாகப் பயன்படுத்திய வழி.

கி.மு. 407இல் மன்னரின் இளைய மகன் சைரஸ் சார்டிசுக்கு வந்தபோது இது மாறியது. 500 டாலன்ட் கொண்டுவந்தார். தேவைப்பட்டால் நான் உட்காரும் வெள்ளி, தங்க அரியணையையே உடைத்துக் கொடுக்கிறேன் என்றார். விருந்தில் அவர் ஸ்பார்ட்டாத் தளபதி லைசாண்டரின் நலத்துக்கு மது அருந்தி, உனக்கு என்ன செய்தால் மகிழ்ச்சி என்று கேட்டார். ஆளுக்கு ஒரு ஓபல் கூட்டிக் கொடுங்கள் என்றார் லைசாண்டர். 3 ஓபல் 4 ஆனது. இரண்டே ஆண்டில் ஏதென்சின் கடற்படை ஹெலஸ்பான்டில் அழிந்தது. கி.மு. 404இல் ஏதென்ஸ் சரணடைந்தது.

சைரசின் அள்ளிக் கொடுப்பு பேரரசுக்குப் பெரிய கேடாக முடிந்தது. கி.மு. 401இல் அவர் அண்ணன் இரண்டாம் அர்தசெர்க்சசுக்கு எதிராகக் கிளர்ந்தார். ஸ்பார்ட்டா அவருக்கு ஆதரவு கொடுத்தது. பாபிலோன் அருகே குனாக்சாவில் சைரஸ் இறந்தார். எதிரி இல்லாமல் போன ஸ்பார்ட்டா, கொடுத்த கையையே கடித்தது. அயோனிய ஊர்களைக் காக்கிறோம் என்று ஆசியாவில் படையிறக்கியது. ஸ்பார்ட்டா மன்னர் அகெசிலாசே நேரில் வந்தார், கி.மு. 395இல் சார்டிஸ் அருகே ஜெயித்தார். அந்தத் தோல்விக்கு விலையாக டிசாஃபர்னிசின் தலை போனது.

அப்போதுதான் பெர்சியா தன் பழைய கணக்குக்குத் திரும்பியது. ரோட்ஸ் தீவுக்காரர் டிமோக்ரட்டீஸ் தங்கத்தோடு கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார். பெர்சியத் தங்கக்காசான டாரிக் சுமார் 8.4 கிராம் எடை, ஏறக்குறையச் சுத்தத் தங்கம். ஒரு பக்கம் முடி சூடிய மன்னர் முழங்கால் மடித்து ஓடும் நிலையில், கையில் வில்லோடு இருப்பார். மறுபக்கம் உளியால் அடித்த பள்ளம் மட்டும்தான். தீப்சும் கொரிந்தும் ஆர்கோசும் ஏதென்சும் ஸ்பார்ட்டாவுக்கு எதிராகச் சேர்ந்தன. கி.மு. 394இல் அகெசிலாஸ் ஊருக்குத் திருப்பி அழைக்கப்பட்டபோது, மன்னரின் ஆயிரக்கணக்கான வில்லாளிகள் என்னை ஆசியாவிலிருந்து துரத்துகிறார்கள் என்று காசில் இருந்த உருவத்தை நினைத்துச் சொன்னாராம்.

இந்தத் தங்கக் கதையை அளவுக்கு மேல் நம்பக் கூடாது என்பது என் கருத்து. ஏதென்சை வீழ்த்திய போரில் கூட நின்ற தீப்சுக்கும் கொரிந்துக்கும் ஸ்பார்ட்டா பலனில் பங்கு கொடுக்கவில்லை. அந்தக் கோபம் பத்து ஆண்டாகப் புகைந்துகொண்டிருந்தது. பெர்சியா தீயை மூட்டவில்லை. எங்கே புகைகிறது என்று சரியாகப் பார்த்து ஊதிவிட்டது, அவ்வளவுதான்.

அதே 394இல் நீடஸ் கடல்போரில் டாஸ்கிலியோன் ஆளுநர் ஃபர்னபாசசும் ஏதென்ஸ் கடற்படைத் தளபதி கொனோனும் சேர்ந்து ஸ்பார்ட்டாவின் கடற்படையை ஒழித்தார்கள். அடுத்த ஆண்டு பெர்சியப் பணத்தில் ஏதென்சைத் துறைமுகத்தோடு இணைத்த நெடுஞ்சுவர்கள் மறுபடி எழுந்தன. பத்து ஆண்டுக்கு முன் பெர்சியப் பணம் பெற்ற படைதான் அவற்றை இடிக்க வைத்திருந்தது.

முதல் முயற்சி தோற்றது ஏன்

பெர்சியப் பணத்தில் ஏதென்ஸ் எழுவதைப் பார்த்த ஸ்பார்ட்டா கி.மு. 392இல் அண்டால்கிடாசைச் சார்டிசுக்கு அனுப்பியது. அப்போதைய ஆளுநர் டிரிபாசஸ். அண்டால்கிடாஸ் சொன்னது எளிமையானது: ஆசிய ஊர்களுக்காக நாங்கள் மன்னரோடு சண்டை போடவில்லை. மற்ற எல்லா ஊர்களும் தன்னாட்சியோடு இருந்தால் எங்களுக்குப் போதும். அப்படி இருந்தால் மன்னருக்கு எதிராகப் படை திரட்ட யாராலும் முடியாது.

டிரிபாசசுக்கு இது தேனாக இனித்தது. ஏதென்சும் தீப்சும் ஆர்கோசும் எதிர்த்தன. தன்னாட்சி என்றால் ஏதென்சுக்குத் தீவுகள் போகும், தீப்சுக்குப் பியோஷிய ஊர்கள் போகும், ஆர்கோசுக்குக் கொரிந்தோடு செய்துகொண்ட இணைப்பு போகும். பேச்சு முறிந்தது. டிரிபாசஸ் ரகசியமாக அண்டால்கிடாசுக்குப் பணம் கொடுத்தார், கொனோனைச் சிறை வைத்தார், அப்புறம் மன்னரிடம் ஒப்புதல் வாங்கச் சூசாவுக்குக் கிளம்பினார்.

மன்னர் ஒப்பவில்லை. டிரிபாசசுக்குப் பதிலாக ஏதென்சுக்குச் சாதகமான ஸ்ட்ரூதாசைக் கடற்கரைக்கு அனுப்பினார். வாய்ப்பு கையில் வந்தும் விட்டுவிட்டாரே என்று தோன்றும். ஆனால் அர்தசெர்க்சசின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் தம்பிக்கு உதவி அவரைக் கொல்லப் பார்த்தவர்கள் ஸ்பார்ட்டாக்காரர்கள். மனிதரிலேயே வெட்கம் கெட்டவர்கள் அவர்கள்தான் என்பது அவருடைய எண்ணம் என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் குறித்திருக்கிறார். தனிப்பட்ட கோபம் அரசின் கொள்கையை ஐந்து ஆண்டு தள்ளிப்போட்டது.

மன்னரின் மனதை மாற்றியது ஏதென்ஸ்தான். சைப்ரஸ் தீவில் சலாமிஸ் நகரத்து அரசர் எவகோரஸ் பெர்சியாவை எதிர்த்தபோது, பெர்சியாவின் காசில் எழுந்த ஏதென்ஸ் அவருக்குக் கப்பல் அனுப்பியது. கி.மு. 404 வாக்கிலேயே பிரிந்துபோயிருந்த எகிப்தோடும் உறவு வைத்தது. ஹெலஸ்பான்ட் பக்கம் போய்ப் பழையபடி ஊர்களிடம் வசூலைத் தொடங்கியது. மன்னருக்கு உண்மையில் வலித்த இடங்கள் எகிப்தும் சைப்ரசும்தான். அதில் கை வைத்தவுடன் கணக்கு மாறிவிட்டது.

வாசிக்கப்பட்ட வரிகள்

அண்டால்கிடாஸ் இந்த முறை நேரே சூசாவுக்கே போனார். மன்னருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. விருந்தில் தன் பூமாலையை வாசனைத் தைலத்தில் தோய்த்து அவருக்கு அனுப்பினார் என்கிறார் புளூட்டார்க். ஸ்பார்ட்டாவுக்குப் பகையாளியான ஃபர்னபாசஸ் மன்னரின் மகளை மணக்கத் தலைநகருக்கு அழைக்கப்பட்டார், அவர் இடத்தில் அண்டால்கிடாசின் பழைய நண்பர் ஆரியோபர்சானிஸ் அமர்ந்தார். மரியாதையும் கிடைத்தது, ஆளும் இடம் மாறியது.

கி.மு. 387இல் அண்டால்கிடாஸ் 80க்கும் மேற்பட்ட கப்பல்களைத் திரட்டி ஹெலஸ்பான்டை அடைத்தார். கருங்கடலிலிருந்து ஏதென்சுக்குத் தானியம் வரும் வழி அது. 18 ஆண்டுக்கு முன் இதே வழியை லைசாண்டர் அடைத்தபோது ஏதென்ஸ் பட்டினி கிடந்து சரணடைந்தது. அந்தப் பட்டினியைச் சிறுவர்களாக அனுபவித்தவர்கள் இப்போது சபையில் வாக்களிக்கும் வயதில் இருந்தார்கள். ஆகவே, மறுபடி பதவிக்கு வந்திருந்த டிரிபாசஸ் அழைத்ததும் எல்லா ஊர்த் தூதர்களும் ஓடி வந்தார்கள். அவர் மன்னரின் முத்திரையைக் காட்டிவிட்டுக் கடிதத்தை வாசித்தார். அந்தக் காலத்து ஏதென்ஸ் எழுத்தாளர் செனபோன் கொடுத்திருக்கும் வாசகம் ஏறக்குறைய இது:

"ஆசியாவில் உள்ள ஊர்களும், தீவுகளில் கிளாசோமினேயும் சைப்ரசும் தனக்கு உரியவை என்பதும், மற்ற கிரேக்க ஊர்கள் சிறிதானாலும் பெரிதானாலும் தன்னாட்சியோடு விடப்பட வேண்டும் என்பதும் நியாயம் என்று மன்னர் அர்தசெர்க்சஸ் கருதுகிறார், லெம்னோஸ், இம்ப்ரோஸ், ஸ்கைரோஸ் நீங்கலாக. அவை முன்போல ஏதென்சைச் சேரும். இந்தச் சமாதானத்தை எந்தத் தரப்பு ஏற்கவில்லையோ அதன்மேல், இதை விரும்புகிறவர்களோடு சேர்ந்து நான் போர் தொடுப்பேன், தரையிலும் கடலிலும், கப்பல்களாலும் பணத்தாலும்."

சின்னக் கடிதம். ஒவ்வொரு துண்டும் அளந்து வைத்தது. ஆசியா முதலில், 411இல் வரைந்த அதே கோட்டில். தீவுகளில் இரண்டே பெயர்கள்: கரையை ஒட்டிய கிளாசோமினே, எவகோரசின் சைப்ரஸ். மூன்று சிறு தீவுகள் ஏதென்சுக்கு விடப்பட்டன. அவை ஹெலஸ்பான்டுக்குப் போகும் தானிய வழியில் இருப்பவை, ஏதென்ஸ் குடியேறிகள் வாழ்ந்தவை. ஏதென்சின் தூதர்கள் ஊர் திரும்பி, இதையாவது காப்பாற்றினோம் என்று சொல்லிக்கொள்ள அது போதும்.

"மன்னர் கருதுகிறார்" என்று மூன்றாம் மனிதராகத் தொடங்கிய கடிதம், மிரட்டும் இடத்துக்கு வந்ததும் "நான்" என்று மாறுகிறது. கப்பல், பணம் என்ற இரண்டையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். தன் பலம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"தன்னாட்சி" என்ற சொல்தான் இதில் மிகக் கூர்மையானது. அது கிரேக்கர்களின் சொந்தச் சொல். சின்ன ஊர்கள் எல்லாம் நூறாண்டாகக் கேட்டுவந்த உரிமை. அதை வேண்டாம் என்று யாராலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அதை எழுத்துப்படி நிறைவேற்றினால், மன்னரை எதிர்க்கும் அளவுக்கு எந்தக் கூட்டணியும் பெருக முடியாது. அவர்கள் ஆசைப்பட்ட சொல்லே அவர்களைக் கட்டிப்போட்டது.

நடந்ததும் நடக்காததும்

கி.மு. 386இல் சத்தியம் செய்யும்போது தீப்ஸ், பியோஷியா முழுதுக்கும் சேர்த்துத் தானே சத்தியம் செய்யப் பார்த்தது. அகெசிலாஸ் ஒப்பவில்லை, கடிதத்தில் உள்ளபடி ஒவ்வொரு ஊரும் தனித்தனியே என்றார், படையைக் கிளப்பினார். தெகேயாவில் அவர் இருக்கும்போதே தீப்ஸ் பணிந்தது. ஆர்கோசும் கொரிந்தும் பிரிந்தன. மன்னர் ஒரு வீரரைக்கூட அனுப்ப வேண்டியிருக்கவில்லை, காவல் வேலையை ஸ்பார்ட்டாவே எடுத்துக்கொண்டது. அதை மிக மோசமாகவும் செய்தது. மறு ஆண்டே மன்டினியா நகரத்தை இடித்துப் பழைய கிராமங்களாகப் பிரித்தது. கி.மு. 382இல் அமைதிக் காலத்திலேயே தீப்சின் கோட்டையைப் பிடித்தது. தன்னாட்சியின் காவலர் செய்த வேலை இது.

பெர்சியாவுக்குக் கிடைத்தது: அயோனியக் கரை, சைப்ரசைத் தனியாகக் கவனிக்க அவகாசம். கி.மு. 380 வாக்கில் எவகோரஸ் கப்பம் கட்ட இணங்கினார், அடிமையாக இல்லாமல் அரசருக்கு அடங்கிய அரசராக. எகிப்து மட்டும் கிடைக்கவே இல்லை. கி.மு. 373இல் ஃபர்னபாசஸ் பெரும்படையோடு போயும் நைல் வெள்ளம் வந்து திரும்ப நேர்ந்தது. கிரேக்கத்தில் ஓலையால் சாதித்தது அங்கே பலிக்கவில்லை. எகிப்தில் பிளவுபடுத்தப் பல நகரங்கள் இல்லை, ஒரே அரசு இருந்தது.

அயோனிய மக்களுக்கு? சார்டிசில் ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. கூடியிருந்த தூதர்களில் அவர்கள் பெயரில் பேச ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. ஏதென்சின் ஐசோக்ரட்டீஸ் கி.மு. 380இல், இந்த ஒப்பந்தத்தைக் கல்லில் வெட்டி நம் கோயில்களிலேயே நிறுத்த வைத்துவிட்டார்களே என்று குமுறினார். அவர் குமுறியது கிரேக்க மானத்துக்காக. மிலேட்டஸ்காரர்கள் அதற்கு 30 ஆண்டு முன்பே ஒரு பிணத்தைப் புதைக்க மறுத்துத் தங்கள் கருத்தைச் சொல்லியிருந்தார்கள். அலெக்சாந்தர் கி.மு. 334இல் வரும் வரை அந்தக் கரை மன்னரிடம்தான் இருந்தது.

மன்னர் சமாதானம் பலமுறை புதுப்பிக்கப்பட்டது. கி.மு. 371இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் ஸ்பார்ட்டாவை நொறுக்கியது, காவல்காரர் போய்விட்டார். கி.மு. 367இல் எல்லோரும் மறுபடி சூசாவில் கூடினார்கள். இப்போது மன்னரின் அபிமானம் தீப்சின் பெலோபிடாசுக்கு. அண்டால்கிடாசை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஏதென்ஸ் தூதர்களில் டிமாகோரஸ் மன்னரிடம் பரிசுகள் வாங்கினார். கட்டில் கொடுத்து, கிரேக்கருக்குப் படுக்கை விரிக்கத் தெரியாது என்று விரிக்க வேலைக்காரர்களையும் சேர்த்து அனுப்பினார்களாம். பால் குடிக்க 80 பசுக்கள் வேறு. ஊர் திரும்பியதும் ஏதென்ஸ் அவருக்கு மரண தண்டனை கொடுத்தது. ஏதென்ஸ் தன் கப்பல்களைக் கரையேற்ற வேண்டும் என்று மன்னரின் புதிய கடிதத்தில் இருந்ததைக் கேட்டதும், கூட வந்த லியோன், ஏதென்ஸ்காரர்களே, மன்னரை விட்டு வேறு நண்பரைத் தேடும் நேரம் வந்துவிட்டது என்று மன்னர் காதில் விழும்படியே சொன்னார்.

மறு ஆண்டு தீப்சில் எல்லா ஊர்த் தூதர்களையும் கூட்டினார்கள். கடிதம் கொண்டுவந்த பெர்சியர் மன்னரின் முத்திரையைக் காட்டினார், கடிதத்தை வாசித்தார், 21 ஆண்டுக்கு முன் டிரிபாசஸ் செய்த மாதிரியே. மன்னரோடும் எங்களோடும் நட்பு வேண்டுமானால் சத்தியம் செய்யுங்கள் என்றது தீப்ஸ். எங்களைக் கேட்டுவரத்தான் அனுப்பினார்கள், சத்தியம் செய்ய அனுப்பவில்லை என்றார்கள் தூதர்கள். சத்தியம் வேண்டுமென்றால் எங்கள் ஊர்களுக்கு ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள். தீப்ஸ் முதலில் கொரிந்துக்கு ஆள் அனுப்பியது. மன்னரோடு பொதுச் சத்தியம் எதுவும் எங்களுக்குத் தேவையில்லை என்று கொரிந்து பதில் சொன்னது. மற்ற ஊர்களும் அதையே சொன்னன.